ஒன்பதில் ஆறு

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதித்துச் செல்லும் மருத்துவக் குழுவை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறவிக் குறைகள், சத்துக் குறைவுகள், வியாதிகள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கு தலைப்புகளின் கீழ் முப்பது நிலைகளை அந்தக் குழு தேடிப் பார்க்கிறது. அவற்றுள் பலவற்றுக்குக் கண்ணாலோ கருவியாலோ அறியக்கூடிய லட்சணம் உண்டு. இதயத்தில் துவாரம் இருந்தால் ஸ்டெதஸ்கோப் பெரும்பாலும் சொல்லிவிடும். விட்டமின் ஏ குறைந்தால் விழியின் வெண்மையிலே சாம்பல் நிறத் திட்டு தோன்றும். பல் சொத்தையை வாய் திறந்தாலே காணலாம். ஆனால் அந்த முப்பதிலே ஒன்றான கவனக்குறைவு–மிகையியக்கக் கோளாறு, புதிய மனிதர் ஒருவருக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கைகட்டி நிற்கும் குழந்தையிடத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே போய்விடக்கூடும். அதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. மூளையைப் படம் பிடித்து நிர்ணயிக்கும் முறையும் இன்றுவரை இல்லை. குழந்தையை நாள் முழுதும் கண்டவர்களின் வாய்மொழியே அதற்கு ஆதாரம். அந்த வாய்மொழியை ஒழுங்குபடுத்துவதற்கென்று ஏற்பட்ட வகைப்பாடே அதற்குக் கருவி. ஆகையால் அந்த வகைப்பாடு எப்படி உண்டாயிற்று, எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பவற்றைப் பெற்றோரும் உபாத்தியாயர்களும் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

உலகத்தில் இன்று வழங்கும் வகைப்பாடு இரண்டு நூல்களில் இருக்கிறது. ஒன்று, அமெரிக்க மனநல வைத்தியர்களின் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்னும் கையேடு; மற்றொன்று, உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா வியாதிகளுக்கும் எண் கொடுத்துத் தொகுக்கும் ஐ.சி.டி. என்னும் பெரும் பட்டியல். 2013-இல் வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு, இந்தக் கோளாற்றின் லட்சணங்களை ஒன்பது ஒன்பதாக இரு வரிசையில் அடுக்குகிறது. முதல் வரிசை கவனத்தைப் பற்றியது: கவனிக்காமல் பிழை செய்வது, எடுத்த வேலையில் நிலைக்காமை, நேரே பேசினாலும் கேளாதது போலிருப்பது, பாதியில் விடுவது, ஒழுங்குபடுத்தத் தெரியாமை, மனத்தை வருத்தும் வேலையைத் தட்டிக் கழிப்பது, பென்சிலையும் புத்தகத்தையும் தொலைப்பது, சிறு சத்தத்துக்கும் திரும்புவது, அன்றாடக் காரியங்களை மறப்பது. இரண்டாம் வரிசை இயக்கத்தையும் அவசரத்தையும் பற்றியது: கைகால்களை ஆட்டிக்கொண்டிருப்பது, உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து திரிவது, ஓடுவதும் ஏறுவதும், அமைதியாக விளையாட மாட்டாமை, முடுக்கிவிட்டது போன்ற ஓயாத சலனம், அளவு கடந்த பேச்சு, கேள்வி முடியுமுன் பதில், தன் முறைக்குக் காத்திருக்க இயலாமை, பிறர் பேச்சிலும் ஆட்டத்திலும் குறுக்கிடுவது. முதல் வரிசையில் ஆறு இருந்தால் கவனக்குறைவு மேலோங்கிய தோற்றம். இரண்டாவதில் ஆறு இருந்தால் மிகையியக்கமும் அவசரமும் மேலோங்கிய தோற்றம். இரண்டிலும் ஆறாறு இருந்தால் கலப்புத் தோற்றம். பதினேழு வயது நிறைந்தவர்களுக்கு ஐந்து போதும்.

இதுவரைதான் பெரும்பாலோருக்குத் தெரிகிறது. கைப்பேசியில் வரும் வினாத்தாள்களும் இத்துடன் நின்றுவிடுகின்றன. தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் இதைப் படித்தால், தம் கையில் நாள்தோறும் புழங்கும் கேஜைப் போல இதுவும் ஒன்று என்றே நினைப்பார்: துளைக்குள் போனால் சரி, போகாவிட்டால் தள்ளுபடி, ஆறு என்றால் வியாதி, ஐந்து என்றால் சௌக்கியம். பட்டியலுக்குக் கீழே அந்நூல் வைத்திருக்கும் நிபந்தனைகளைப் படித்த பிறகு அவ்வாறு நினைக்க முடியாது. அந்த லட்சணங்கள் ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். குழந்தையின் பிராயத்துக்கும் வளர்ச்சிக்கும் ஒவ்வாத அளவில் இருக்க வேண்டும். அவற்றுள் பல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, விளையாட்டிடம் என்பவற்றுள் குறைந்தது இரண்டிடங்களிலாவது காணப்பட வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ அவை மெய்யாகவே கெடுக்க வேண்டும். வேறொரு காரணம் அவற்றை இதைவிட நன்றாக விளக்கக் கூடாது. வகைப்பாட்டின் விஞ்ஞானம் முழுவதும் இந்த நிபந்தனைகளிலேதான் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். பட்டியல் அதற்கு வாசற்படி மாத்திரமே.

இந்த நிலைக்கு வந்து சேர வைத்திய உலகத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1798-இல் அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர், மனக்கோளாறுகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் கவனத்துக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, எந்தப் பொருளிலும் நிலைத்து நில்லாத மனத்தோடு பிறக்கிறவர்களும் உண்டென்றும், வயது ஏற ஏற அது பெரும்பாலும் தணிகிறதென்றும் எழுதினார். 1902-இல் லண்டன் ராஜ வைத்தியக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில், புத்தியில் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத இருபது குழந்தைகளை வருணித்தார். அவர்களுள் பதினைந்து பேர் சிறுவர்கள், ஐவரே சிறுமிகள். அவர் அதற்கு இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதாகும். அந்தப் பெயர் வைத்திய நூல்களிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால், பிள்ளை வகுப்பில் எழுந்து ஓடினால் தாயைக் கூப்பிட்டு வளர்ப்பைக் குறை சொல்லும் வழக்கமாக அது நம்மிடையே இன்னும் ஜீவித்திருப்பதைக் காண மனம் வருந்துகிறது.

1917-க்குப் பிறகு பத்தாண்டு காலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய தூக்க மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைகள் சிலர், முன்பில்லாத படபடப்போடும் அடங்காமையோடும் வீடு திரும்பினார்கள். அதைக் கண்ட வைத்தியர்கள், அடங்காத குழந்தை ஒவ்வொன்றுக்கும் மூளையிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம் இருக்க வேண்டுமென்று அனுமானித்தார்கள். காயம் கண்டுபிடிக்கப்படாத நிலையில், நுண்ணிய மூளைச் சேதம் என்றிருந்த பெயர் 1960-களில் நுண்ணிய மூளைச் செயற்கோளாறு என்று மாறியது. இதற்கிடையில், 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்பவர், கிளர்ச்சியூட்டும் பென்ஸெட்ரின் என்னும் மருந்தை முப்பது குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, அவர்களுள் பதினான்கு பேர் படிப்பில் வியக்கத்தக்க ஊக்கம் பெற்றதையும், பலர் அமைதியடைந்ததையும் கண்டார்.

1968-இல் வந்த டி.எஸ்.எம். இரண்டாம் பதிப்பு, இந்நிலையைக் குழந்தைப் பருவத்தின் மிகையியக்க எதிர்வினை என்று அழைத்தது. பெயரிலே இயக்கம் மட்டுமே இருந்தது. ஓடாத குழந்தைக்கு அந்தப் பெயரில் இடமில்லை. கனடாவின் மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த வர்ஜீனியா டக்ளஸ் என்னும் அம்மையார் 1970-களில் நடத்திய ஆராய்ச்சிகள்தாம், இக்குழந்தைகளின் மூலக் குறை ஓட்டத்தில் இல்லை, கவனத்தை நிறுத்துவதிலும் அவசரத்தை அடக்குவதிலும் இருக்கிறது என்பதை நிலைநாட்டின. அதன் பயனாக 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் கவனக்குறைவு முன்னுக்கு வந்தது. மிகையியக்கத்தோடு கூடியது, கூடாதது என்று அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1987-இல், அந்தப் பிரிவை நீக்கி, பதினான்கு லட்சணங்கள் கொண்ட ஒற்றைப் பட்டியலில் எட்டு இருந்தால் போதும் என்று திருத்தினார்கள். ஓடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை வேறுபடுத்தப்படாதது என்ற ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. 1994-இல் மூன்று வகைகளாக அது மீண்டும் விரிந்தது. 2013-இல் வகை என்ற சொல்லை விட்டுத் தோற்றம் என்ற சொல்லைக் கைக்கொண்டார்கள். ஏனென்றால் ஆறு வயதில் ஓடித் திரிந்த குழந்தை பன்னிரண்டு வயதில் ஓட்டம் அடங்கிக் கவனக்குறைவு மட்டும் எஞ்சி நிற்பதை நெடுங்கால ஆராய்ச்சிகள் காட்டியிருந்தன. ஏழு வயதுக்கு முன் தொடங்க வேண்டும் என்றிருந்த விதி பன்னிரண்டாக உயர்ந்ததும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இந்த நிர்ணயத்தைச் சேர்த்துச் சொல்லக் கூடாது என்ற தடை நீங்கியதும் அதே பதிப்பில்தான்.

ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், முன்பு யாரும் காணாத ஒரு கூட்டம் குழந்தைகள் வைத்தியரின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள், அல்லது தெரிந்தவர்கள் மறைந்தார்கள். இவ்வாறு மறைபவர்களுள் பெண்குழந்தைகளே மிகுதி. நான்காம் வகுப்பில் கடைசி வரிசையில் யாருக்கும் தொல்லையில்லாமல் அமர்ந்து, கரும்பலகையில் இருப்பதில் பாதியை எழுதி, கணக்குப் புத்தகத்தை வாரம் ஒருமுறை தொலைத்துவிட்டு வரும் சிறுமியைப் பற்றி எந்த ஆசிரியரும் புகார் செய்வதில்லை. சாது என்றும், கொஞ்சம் மந்தம் என்றும் சொல்லி மேல்வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் வரிசையின் ஒன்பதில் எட்டு அவளிடம் இருக்கலாம். கேட்பவர் இல்லாததால் அவை எண்ணப்படுவதில்லை.

இரு நூல்களும் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவுமில்லை. 1990-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.சி.டி. பத்தாம் பதிப்பு, எஃப்90 என்ற எண்ணின் கீழ் மிகையியக்கக் கோளாறுகள் என்று பெயரிட்டு, கவனக்குறைவு, மிகையியக்கம், அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டுமென்று விதித்தது. அமெரிக்காவில் நடந்து 1999-இல் முடிவுகள் வெளியான எம்.டி.ஏ. என்னும் புகழ்பெற்ற சிகிச்சை ஆராய்ச்சியில், டி.எஸ்.எம். முறைப்படி கலப்பு வகை என்று நிர்ணயிக்கப்பட்ட 579 குழந்தைகளைப் பின்னர் ஐ.சி.டி. விதிகளைக் கொண்டு பார்த்தபோது, ஏறக்குறையக் கால்பங்கினரே தேறினார்கள். ஆகவே ஒரு தேசத்தில் இத்தனை விழுக்காடு என்று யாரேனும் சொல்லும்போது, எந்த நூலைக் கொண்டு எண்ணினார்கள் என்று கேட்பது நியாயமே. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பதினோராம் பதிப்பு, 6ஏ05 என்ற எண்ணின் கீழ் டி.எஸ்.எம். பெயரையும் மூன்று தோற்றங்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஒன்பதில் ஆறு என்ற கணக்கை அது ஏற்கவில்லை. அளவை வைத்தியரின் விவேகத்துக்கே விட்டிருக்கிறது. நான் இதை நல்ல மாறுதல் என்றே எண்ணுகிறேன், அந்த விவேகத்தைப் பிரயோகிக்க வைத்தியருக்கு அவகாசம் கிடைக்கும் இடத்தில்.

அளக்கும் கருவியைப் பொறுத்து விழுக்காடு மாறக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள 770 குழந்தைகளை ஆராய்ந்து 2013-இல் இந்திய மனநல வைத்தியப் பத்திரிகையில் வெளியான கட்டுரை, 11.32 விழுக்காட்டினரிடம் இக்கோளாறு காணப்பட்டதாகக் கூறுகிறது. உலகமெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007-இல் கணக்கிடப்பட்ட சராசரி 5.29 விழுக்காடுதான். கோவையில் பயன்பட்டது, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் கானர்ஸ் சுருக்க அளவுகோல். அது சல்லடை போன்ற முதற்படியே தவிர, மேலே சொன்ன நிபந்தனைகள் எல்லாவற்றையும் தானாக விசாரிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்த ஆராய்ச்சியில் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது வேறொரு விவரம்: பொருளாதாரத்தில் தாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகளிடையே 16.33 விழுக்காடும், நடுத்தரக் குடும்பங்களிடையே 6.84 விழுக்காடும் காணப்பட்டன. வறுமை இக்கோளாற்றை வளர்க்கிறதா, அல்லது வறுமை தரும் வேறு துன்பங்கள் அதே லட்சணங்களை அணிந்து வருகின்றனவா? இந்தக் கேள்விக்கு அளவுகோல் விடை தராது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விசாரிப்பதே விடை தரும்.

அந்த விசாரணை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்ததும், 2010 முதல் ஒரகடத்தில் ரெனோ–நிஸானும், டெய்ம்லரும், ராயல் என்ஃபீல்டும் அடுத்தடுத்து வந்ததும், ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களைச் சுற்றி லைன் வீடுகளை நெருக்கிவிட்டன. விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே அறையில் சமைத்து, உறங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன.

இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். தகப்பனுக்கு முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாரந்தோறும் மாறுமானால், குழந்தைக்கு வீடு என்பது ஒரே இடமாக இருப்பதில்லை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் அப்பா உறங்குகிறார். குழந்தை மூச்சு விடாமல் இருக்க வேண்டும், அல்லது கையில் போனைக் கொடுத்து வாசற்படியில் உட்கார வைக்கிறார்கள். அடுத்த வாரத்தில் அதே அறை சந்தடி நிறைந்ததாகிவிடுகிறது. வீட்டில் எப்படி இருக்கிறான் என்ற கேள்விக்கு, எந்த வாரத்தில் என்று எதிர்க்கேள்வி கேட்க அந்தத் தாய்க்கு உரிமை உண்டு. போனை இரண்டு மணி நேரம் பார்க்கிறானே, அவனுக்கா கவனம் இல்லை என்று பெற்றோர் கேட்பதும் இயல்பு. இக்கோளாற்றில் குறைவது கவனம் என்னும் சக்தியன்று. அதை வேண்டிய இடத்தில் வைக்கும் ஆட்சியே குறைகிறது. ஒவ்வொரு விநாடியும் புதிய பரிசு தரும் திரையில் அக்குழந்தையின் மனம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பரிசு தாமதமாக வரும் வாய்ப்பாட்டில் ஒட்டாது.

பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியதா என்பதற்குச் சாட்சி பல சமயம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளி வயது வரும் வரையில் குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டிருந்தால், நாலு வயதில் அவன் எப்படி இருந்தான் என்பதைப் பாட்டிதான் சொல்ல முடியும். போனிலாவது அவரிடம் பேச வேண்டும். ஆறு மாத நிபந்தனையும் இங்கே அர்த்தமுள்ளது: ஜூன் மாதம் புதிய ஊரில், புதிய பள்ளியில் சேர்ந்த குழந்தை ஆகஸ்டில் அமைதியற்றிருப்பதை வைத்து எதையும் நிர்ணயிக்கலாகாது. பிராயத்துக்கு ஒவ்வாத அளவு என்ற விதியின் நுட்பத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று. அங்கே ஆண்டுக் கடைசியில், டிசம்பரில், பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்த சிறுவர்கள், ஜனவரியில் பிறந்த வகுப்புத் தோழர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இந்த நிர்ணயத்தைப் பெற்றிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஐந்து வயது அப்போதுதான் முடிந்தவனும் ஆறை எட்டப் போகிறவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். இளையவனின் இளமையே வியாதியாகத் தோன்றக்கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது, வேறு காரணம் இருக்கக் கூடாது என்ற கடைசி நிபந்தனை. வீட்டில் ஒடியா பேசிவிட்டு வந்து தமிழில் நடக்கும் பாடத்தின் நடுவே அமர்ந்திருக்கும் குழந்தை, சொன்னதைக் கேளாதது போல் இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? சீழ் வடியும் காதுள்ள குழந்தைக்குப் பாதிச் சொற்கள் எட்டுவதில்லை. டான்சில் பெருத்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் திணறும் குழந்தை, பகலில் பெரியவர்களைப் போலச் சோர்ந்து படுப்பதற்குப் பதிலாகப் படபடத்துத் திரிவது குழந்தை வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை. இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகை கவனத்தைக் குலைக்கிறது. சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடவாதது போலத் தொடரும் ஒருவகை வலிப்பு, பகற்கனவு என்று வகுப்பில் கண்டிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. சில எளியவை, மலிவானவை.

இதைச் சொல்லும்போதே இதற்கு மறுபக்கத்தையும் வற்புறுத்த விரும்புகிறேன். லைன் வீடும் ஷிஃப்ட்டும் போனுமே காரணம் என்று சொல்லி, மெய்யாகவே இக்கோளாறு உள்ள குழந்தையைக் கைவிடுவது அதே அளவு பிழையாகும். இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகள், இக்கோளாற்றின் வேறுபாட்டில் எழுபது முதல் எண்பது விழுக்காடு வரை பரம்பரையைச் சார்ந்ததென்று காட்டுகின்றன. 2007-இல் அமெரிக்க அரசின் மனநல ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர், மூளையின் மேற்புறணி தன் முழுத் தடிப்பை அடையும் காலம் மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை வயதை ஒட்டி இருக்க, இக்குழந்தைகளுக்குப் பத்தரை வயது வரை தாமதிப்பதைக் கண்டார்கள். கூட்டத்தின் சராசரிதான் அது; தனியொரு குழந்தையை அதைக் கொண்டு நிர்ணயிக்க முடியாது. ஆயினும், மூன்று ஆண்டு பின்தங்கிய முதிர்ச்சியை அடியும் அதட்டலும் விரைவுபடுத்த மாட்டா என்பதை எந்த ஆசிரியரும் உணரலாம்.

அரசாங்கத்துக்கும் தனி வகைப்பாடு உண்டு. அது வைத்தியரின் வகைப்பாட்டோடு ஒத்துப்போகவில்லை. ஆர்.பி.எஸ்.கே. பட்டியலின் முப்பதில் இக்கோளாறு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் இருபத்தொன்றில் அது இல்லை. ஆட்டிசமும், எழுத்து வாசிப்பில் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அந்தச் சட்டத்தில் இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே கவனக்குறைவோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு, இரண்டாவதன் பெயரால் சான்றிதழும் பரீட்சைச் சலுகையும் கிடைக்க வழியுண்டு. கவனக்குறைவு மட்டுமே உள்ள குழந்தைக்கு இல்லை. தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லும் அரசே, கண்டுபிடித்த பின் கொடுக்கச் சலுகை ஒன்றும் வைக்காமலிருப்பது சரியன்று. சட்டத்தின் பட்டியல் திருத்தப்பட வேண்டும் என்று இங்கே வெளிப்படையாகவே கேட்கிறேன்.

பள்ளிக்கு வரும் குழு சந்தேகித்த குழந்தையை, மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையோடு இணைந்த ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவது முறை. அதற்கு மேலும் ஆராய வேண்டுமானால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. ஒரு நாள் கூலியை இழந்து போகிற பெற்றோர் வெறுங்கையோடு போகாதிருப்பது நலம். வகுப்பில் தாம் கண்டதை, நல்லதும் கெட்டதுமாக, ஆசிரியர் தம் கையால் எழுதிய ஒரு பக்கம். காதையும் கண்ணையும் ரத்தத்தையும் பரிசோதித்த சீட்டுகள். அப்பாவின் ஷிஃப்ட் மாறும் வாரங்களில் குழந்தை எத்தனை மணிக்கு உறங்கி எத்தனை மணிக்கு எழுந்தது என்ற குறிப்பு. இவற்றோடு, எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருந்தால், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு நோட்டுப் புத்தகங்களையும் கொண்டு போகலாம். பன்னிரண்டு வயதுக்கு முன் என்ற நிபந்தனைக்கு அவற்றைவிடத் தெளிவான ஆதாரம் வைத்தியருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.